ஏழு மேலே, எட்டு கீழே

முதல் நாள் – செங்டு

சென்னையில் ஏறி, கோலாலம்பூர் விமான நிலையத்தில் ஆறு மணி நேரம் இரும்பு நாற்காலியில் கழுத்தை ஒடித்துக்கொண்டு தூங்கி, ஒரு வழியாகச் சீனாவின் செங்டு வந்து சேர்ந்தோம். நாலு பேர். கல்லூரி விடுதியில் ஒரே அறை. "ஒரு டூர் போவோம்டா" என்று பதினெட்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் லீவு கிடைத்தது இந்தத் தடவைதான். தங்கள் பெயரைப் போடக் கூடாது என்று மூன்று பேரும் சொல்லிவிட்டார்கள், அதனால் ஊர்ப் பெயரே போதும். கப்பல் கம்பெனியில் இருக்கும் தூத்துக்குடி. பனியன் மெஷின் வாங்க வருடத்துக்கு இரண்டு தடவை சீனாவுக்கு வந்துபோகும் திருப்பூர். அப்புறம் கும்பகோணத்துச் சாமி, கணக்கு வாத்தியார், முட்டைகூடத் தொடமாட்டான், பெட்டியில் பாதி இடத்தை இட்லிப் பொடியும் புளிக்காய்ச்சலும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நான் பரமக்குடிப் பக்கம்.

பாண்டா பார்த்தோம். மூங்கில் தின்றது, தூங்கியது. பூங்காவில் மூங்கில் நாற்காலி போட்டு மூடிபோட்ட கிண்ணத்தில் டீ தருகிறார்கள், கிண்ணம் காலியானால் வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள், மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்புவதில்லை. காதுக் குரும்பி எடுக்கிறவர்கள் நீளக் கம்பிகளைக் கிண்கிணியென்று தட்டிக்கொண்டு வந்தார்கள். தூத்துக்குடி காதைக் கொடுத்தான். நாங்கள் வேடிக்கை பார்த்தோம்.

ராத்திரியே ஹாட்பாட் சாப்பிட வேண்டும் என்று அவன்தான் ஒற்றைக்காலில் நின்றான். மேசையிலேயே குழம்பைக் கொதிக்கவைத்து, கறியையும் கீரையையும் அதில் நாமே முக்கி வேகவைத்துத் தின்பது. திருப்பூர் விடவில்லை. "இங்க வேண்டாம் மாப்ள, நாளைக்குச் சோங்சிங் போறம்ல, அங்கதான் அதுக்கு ஊரு." இரண்டு ஊருக்கும் இதில் தீராத வழக்காம். செங்டுவில் கடுகு இனத்து எண்ணெயில் செய்வது அதிகம், சோங்சிங்கில் மாட்டுக் கொழுப்பு இல்லாமல் ஆகாது, ஒருத்தரை ஒருத்தர் மட்டம்தட்டிக்கொண்டே இருப்பார்களாம். மாட்டுக் கொழுப்பு என்றதும் சாமி நிமிர்ந்து பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் – சோங்சிங்

செங்டுவிலிருந்து சோங்சிங் சுமார் 300 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை, டீ ஆறுவதற்குள் வந்துவிட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் டீயைச் சாமி தன் மடியில் கொட்டிக்கொண்டான்.

இந்த ஊரை எப்படிச் சொல்வது? யாங்சி ஆறும் ஜியாலிங் ஆறும் சேரும் இடத்தில் மலைமேல் வாரியிறைத்த ஊர். நம் கைப்பேசி வரைபடம் இங்கே சுத்தமாக எடுபடாது. ஓட்டலுக்கு முன்னாலேயே நிற்கிறோம் என்று வரைபடம் சொல்கிறது, நாங்கள் நிற்பதோ அதற்கு ஒன்பது மாடி கீழே. குய்சிங் என்று ஒரு கட்டடம், ஒரு பக்கத் தெருவிலிருந்து நுழைந்தால் முதல் மாடி, உள்ளே நடந்து மறு பக்கம் போய் எட்டிப் பார்த்தால் நாம் நிற்பது 22ஆம் மாடி. கீழே இன்னொரு தெரு, அதில் பஸ் போகிறது! தூத்துக்குடி சமதரையில் வளர்ந்தவன், கைப்பிடிச் சுவரைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

லீசிபா நிலையத்தில் மோனோரயில் 19 மாடிக் கட்டடத்துக்குள் புகுந்து போவதைப் பார்க்கக் கீழே திருவிழாக் கூட்டம். எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு, ரயில் தன் வாய்க்குள் போவதுபோலப் படம் எடுக்கிறார்கள். நாங்களும் எடுத்தோம், சாமியின் படம் மட்டும் சரியாக வந்தது. இருந்த வீட்டை இடித்துப் போட்ட பாதை இல்லை, கட்டடத்தையும் நிலையத்தையும் சேர்த்தேதான் கட்டினார்கள். வீடுகள் எல்லாம் ரயிலுக்கு மேலே உள்ள மாடிகளில்.

இன்று கால் வலி மட்டும்தான் சொல்லும்படியாக இருக்கிறது. படிக்கட்டு, படிக்கட்டு, படிக்கட்டு.

மூன்றாம் நாள் – குகைக்குள்

இன்றைக்குக் கொஞ்சம் நீளம். மணி ஒன்றரை, மற்ற மூவரும் தூங்குகிறார்கள், என் உதடு இன்னும் முழுசாக என் வசம் வரவில்லை.

திருப்பூருக்குத் தொழில் வழியில் பழக்கமான ஒரு அம்மா இங்கே இருக்கிறார், ஐம்பது வயதிருக்கும், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவன் அவரை "ஜியே" என்று கூப்பிடுகிறான், அக்கா என்று அர்த்தம், அதனால் எங்களுக்கும் அக்கா. கொஞ்சம் ஆங்கிலம், மீதிக்குக் கைப்பேசியின் மொழிபெயர்ப்பு, அதுவும் போதாதபோது கை. சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து எங்களைத் தள்ளிக்கொண்டு போனார். தெருவிலிருந்து இறங்கி, சந்தில் திரும்பி, இன்னும் இறங்கி, மலைப் பாறையில் ஒரு வாசல். உள்ளே நீளமான சுரங்கம், வளைந்த கூரை, இரண்டு பக்கமும் மேசைகள், ஒவ்வொன்றிலும் கொதிக்கும் சட்டி. ஆவியில் எதிர் ஆள் முகம் தெரியவில்லை. போர்க்காலத்துப் பதுங்கு குகை அது.

ஜப்பான் சீனாவுக்குள் புகுந்தபோது, 1937இல், அரசாங்கம் தலைநகரை இந்த ஊருக்கு மாற்றியது. அடுத்த வருடத்திலிருந்து குண்டு விழ ஆரம்பித்தது, ஆண்டுக்கணக்கில் விழுந்தது. மலை முழுக்கக் குடைந்து மக்கள் ஒளிந்தார்கள். 1941 ஜூன் 5 இரவு அப்படி ஒரு பெரிய சுரங்கத்தில் காற்றில்லாமல் மூச்சு முட்டியும் நெரிசலிலும் ஏராளமான பேர் செத்துப்போனார்கள். இது அந்தச் சுரங்கம் இல்லை. இருந்தாலும் அக்கா சொல்லி முடித்ததும் நான் கூரையைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக, கொஞ்சம் பிசுக்காக இருந்தது. இப்போது இந்தக் குகைகளில் எதையெல்லாமோ வைத்திருக்கிறார்கள், வெயில் காலத்தில் ஊர் உலையாகக் கொதிக்கும்போது சும்மா வந்து குளிர்ச்சியில் உட்காரவும் சிலவற்றைத் திறந்துவிடுகிறார்களாம். தன் அம்மா சிறுமியாக ஒளிந்திருந்தது இதைப் போன்ற ஒன்றில்தான் என்று அக்கா சொன்னார். சொல்லிக்கொண்டே எல்லோருக்கும் சிவப்பு ஏப்ரன் எடுத்துக் கொடுத்து, கைப்பேசியைப் போட்டுவைக்க ஒரு பிளாஸ்டிக் உறையும் கொடுத்தார். அப்போது புரியவில்லை, பத்து நிமிடத்தில் புரிந்தது.

முதலில் சட்டிப் பஞ்சாயத்து. சிவப்புக் குழம்பு மாட்டுக் கொழுப்பில். சாமிக்கு ஆகாது. வெள்ளைக் குழம்பு கேட்டால் அதில் எலும்பு. காளான் குழம்பு கேட்டால் அதிலும் கோழிச் சாறு. அக்கா எழுந்து சமையலறைக்குப் போய் என்ன பேசினாரோ, சண்டைபோலத்தான் கேட்டது, திரும்பி வந்து "தண்ணீர், தக்காளி, இஞ்சி, காளான், அவ்வளவுதான்" என்று விரலால் எண்ணிக் காட்டினார். வந்தது ஒரு பெரிய வட்டச் சட்டி, நடுவில் ஒரு சின்னச் சட்டி. தாயும் பிள்ளையும் என்று பெயராம். பிள்ளைச் சட்டி சாமிக்கு. பொதுவாக அதைக் குழந்தைகளுக்குத்தான் வைப்பார்களாம், அதைக் கேட்டுத் தூத்துக்குடி சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது.

திருப்பூரும் மாடு சாப்பிடமாட்டான். கொழுப்பைப் பற்றிக் கேட்டோம். "பத்து வருசமா வந்துட்டுப் போறன். அது என்ன கொழுப்புன்னு நான் கேக்கவும் மாட்டேன், நீங்க சொல்லவும் கூடாது."

அந்தக் கொழுப்பு செங்கல் அளவு, செங்கல் நிறத்தில், உறையைக் கண்ணெதிரிலேயே பிரித்துச் சட்டியில் வைத்தார்கள். புதுசுதான் என்று காட்டுவதற்காக. அந்தக் காலத்தில் ஒரே எண்ணெயை வடித்து வடித்துப் பயன்படுத்துவார்களாம், பழைய எண்ணெய்க்குத்தான் ருசி என்று பெரிசுகள் இப்போதும் ஏங்குகிறார்கள், இப்போது அதற்குத் தடை. கொழுப்பு உருகி ஓரம் சிவக்க ஆரம்பித்ததும் வாசனை எழுந்தது, அங்கேதான் எனக்கு என் ஊர் ஞாபகம். எங்கள் பக்கம் மாசி, பங்குனியில் களத்தில் மிளகாய் காயும், நாங்கள் அதில் கால் புதைய நடந்து வளர்ந்தவர்கள், தும்மல்கூட வராது. ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்தது. அதையெல்லாம் அக்காவிடம் அளந்துவிட்டேன். அதற்கேற்ப, சட்டியில் நீள மிளகாய்க்கு நடுவே நம் குண்டு மிளகாயின் தம்பிபோல உருண்டையாக ஒரு ஜாதி மிதந்தது, விளக்கு மிளகாய் என்று பெயர். ஒன்றை எடுத்துக் குலுக்கினேன், உள்ளே விதை கலகலத்தது, சத்தம்கூட அதே சத்தம்.

அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, கைப்பேசியில் எதையோ தட்டி நீட்டினார். மொழிபெயர்ப்பு வந்தது: "இந்தச் சட்டியில் காரம் மட்டும் உங்கள் நாட்டிலிருந்து வந்திருக்கலாம்." விளக்கு மிளகாய் நிறத்துக்கு, இன்னொன்று வாசனைக்கு, ஆனால் உறைப்புக்கு ஹாட்பாட் மசாலா தயாரிக்கிறவர்கள் நிறையப் பேர் வாங்குவது இந்திய மிளகாய், அதுவும் குண்டூர்ப் பக்கத்துத் தேஜா ரகம். நம் மிளகாயை அதிகம் வாங்குவதே சீனாதான். தூத்துக்குடிக்கு இது தெரிந்த விஷயம்போல. "மூட்டை மூட்டையா போகுதுடா, நாந்தான் பில்லு போடுதேன்" என்றான். இத்தனை வருடத்தில் எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கடைசியில் பார்த்தால் மிளகாய் எங்களுக்கும் சொந்தமில்லை, அவர்களுக்கும் சொந்தமில்லை, 1500களில் கப்பலேறி அமெரிக்காக்களிலிருந்து வந்தது. சரி, யாருடையதாக இருந்தால் என்ன, வாய் என்னுடையது.

"வெய் லா" என்று சொல்லியிருந்தார் அக்கா, குறைந்த காரம். சோங்சிங்காரர்கள் அதற்குக் கீழே இறங்கமாட்டார்கள், அதுதான் அவர்களுடைய கடைசிச் சலுகை என்று ஒரு ஜோக்கே உண்டு. ஜோக் இல்லை அது.

தொட்டுக்கொள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு குட்டித் தகரடப்பா. திறந்தால் நல்லெண்ணெய்! வறுத்த எள்ளில் ஆட்டியது, நம்முடையதைவிட வாசனை தூக்கல். அதில் நசுக்கிய பூண்டும் கொத்தமல்லியும் போட்டுக் கொதிக்கிற கறியை முக்கிச் சாப்பிட வேண்டும். சூடும் ஆறும், காரமும் கொஞ்சம் எண்ணெயில் இறங்கிவிடும், தண்ணீர் குடித்தால் எரிச்சல்தான் மிச்சம். நல்லெண்ணெயைக் கண்டதும் சாமி பையைத் திறந்தான், ஹார்லிக்ஸ் பாட்டில் வெளியே வந்தது, இட்லிப் பொடியை இரண்டு கரண்டி போட்டுக் குழைத்தான். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏன் எங்களுக்குத் தோன்றவில்லை?

கொதி வந்ததும் அக்கா முதலில் எடுத்தது மாட்டு வயிறு, ஏடு ஏடாக, கறுப்பாக, ஓரம் சொரசொரப்பாக. ஊரில் போட்டிக் குழம்பில் மணிக்கணக்காக வேகவைப்போமே, இங்கே பதினைந்து விநாடி. குச்சியால் கவ்வி, கொதிக்கிற இடம் பார்த்து முக்கி, தூக்கி, முக்கி, தூக்கி. ஏழு தடவை மேலே, எட்டுத் தடவை கீழே, வாய்விட்டு எண்ணினார். விட்டுவிட்டால் தொலைந்தது, குழம்புக்குள் காணாமல் போய்விடும், கிடைக்கும்போது ரப்பராகியிருக்கும். நான் எண்ணினேன், ஐந்தில் குழப்பம் வந்து மறுபடி ஒன்றிலிருந்து எண்ணி, வாயில் போட்டால் செருப்பு. இரண்டாவது தடவை சரியாக வந்தது. கடக் கடக் என்று, பச்சை வெள்ளரிக்காய் கடிப்பதுபோல, அதற்குமேல் பூண்டு, எண்ணெய், அப்புறம்தான் காரம்.

காரத்தைத் தாங்கிக்கொண்டேன், உண்மையாகவே. கவிழ்த்தது மிளகாய் இல்லை, ஹுவாஜியாவ் என்கிற அவர்கள் ஊர் மிளகு. நம் மிளகோடு எந்த உறவும் இல்லாத ஜாதி. கொங்கணத்தில் மீன் குழம்பில் தெப்பல் போடுவார்கள், அது இதற்குப் பங்காளி. உதட்டில் பட்டதும் முதலில் எலுமிச்சை வாசனை, பிறகு துடிப்பு, எறும்பு ஊர்வதுபோல இல்லை, பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்ப்போமே சின்ன வயதில், அது. லண்டனில் 2013இல் ஆராய்ந்து, இந்தத் துடிப்பு விநாடிக்குச் சுமார் 50 தடவை அதிர்வதற்குச் சமம் என்று கண்டார்களாம், சாமிதான் எங்கேயோ படித்ததைச் சொன்னான். "நம்ம வீட்டுக் கரண்ட்டும் 50 ஹெர்ட்ஸ்தான்டா." சாப்பிடாதவன் சொல்வது எளிது.

அப்புறம் வாத்துக் குடல், பூண்டுத் தண்டு, பன்றி இறைச்சி உருண்டை, வாத்து ரத்தக் கட்டி, தாமரைக் கிழங்கு, உருளைக்கிழங்கு. "மஞ்சள் தொண்டை" என்று ஒன்று வந்தது, தொண்டையே இல்லை, இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாய், பெயர் மட்டும் அப்படி. திருப்பூர் பன்றி உருண்டையோடு நிறுத்திக்கொண்டு மேற்கொண்டு எதையும் விசாரிக்காமல் பியர் குடித்தான்.

பக்கத்து மேசையில் நான்கு கிழவர்கள், விரலை நீட்டிக் கத்திக்கொண்டே சாராயப் பந்தயம் ஆடினார்கள். அவர்கள் சட்டி வேறு மாதிரி. சதுரச் சட்டிக்குள் ஒன்பது கட்டம் போட்ட தகரச் சட்டம், பாண்டி ஆடலாம்போல. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் படகுக்காரர்களும் யாரும் வாங்காத குடலையும் வயிற்றையும் மிளகாயில் வேகவைத்துத் தின்ற காலத்தில், முன்பின் தெரியாதவர்களும் ஒரே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கட்டத்தை எடுத்துக்கொள்வார்கள் என்று அக்கா சொன்னார். நடுக்கட்டம்தான் அதிகக் கொதி, வயிறு அங்கே. மூலைக் கட்டங்களில் சூடு குறைவு, ரத்தக் கட்டி, மூளை எல்லாம் அங்கே நிதானமாக ஊறும். குனிந்து பார்த்தால் ஒன்று தெரிந்தது. கட்டத்துக்கு அடி கிடையாது. மேலே ஒன்பது பேர், கீழே ஒரே குழம்பு.

தூத்துக்குடி அதை எட்டிப் பார்ப்பதைக் கவனித்த ஒரு தாத்தா, ஒரு துண்டு வயிற்றை எடுத்து அவன் தட்டில் போட்டுத் தன் நடுக்கட்டத்தைக் காட்டினார். இவன் எழுந்து நின்று, நாலு பேர் வாய்விட்டு எண்ண, பக்கத்து மேசைச் சட்டியில் ஏழு எட்டு போட்டான். கைதட்டு. அந்த உற்சாகத்தோடு திரும்பி வந்து எங்கள் சட்டியிலும் ஒன்றை முக்கிக் காட்டப்போனான், குச்சி வழுக்கியது, துண்டு பறந்து பிள்ளைச் சட்டிக்குள் விழுந்தது.

யாரும் பேசவில்லை. சாமி அப்போதுதான் பட்டாணிக் கொழுந்தைப் போட்டிருந்தான், இந்த ஊர்க் குளிர்காலத்துக் கீரை, சாயங்காலத்திலிருந்து அவன் சாப்பிட்டதிலேயே அவனுக்குப் பிடித்தது அதுதான். தட்டைப் பார்த்தான். குச்சியைக் கீழே வைத்தான். "பரவாயில்லடா" என்றான், அந்தக் குரலில் பரவாயில்லாதது எல்லாம் இருந்தது. எத்தனை வருடம் அவனை விடுதியில் இதற்காக ஓட்டியிருக்கிறோம், அவன் தட்டுப் பக்கத்தில் எலும்பை வைத்து, பூண்டு சட்னி என்று பொய் சொல்லி. தூத்துக்குடியின் முகம் சட்டிக்கு மேல் சிவந்தது.

அக்காவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சமையலறைப் பக்கம் ஒரு குரல் கொடுத்தார், ஆள் வந்து இடுக்கியால் பிள்ளைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய், வேறு சட்டி, வேறு தண்ணீர், வேறு தக்காளி. தூத்துக்குடி தானே போய்ப் புதுக் குச்சியும் கீரையும் வாங்கி வந்தான், கீரை மூன்று தட்டு. வந்து உட்கார்ந்ததும் தன் நாற்காலியைச் சாமிக்கு எதிர்ப் பக்கமாக, எட்டாத தூரத்துக்குத் தள்ளிப் போட்டுக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்துச் சாமிதான், "இங்க வாடா, அங்க உக்காந்து என்ன பண்றே" என்றான்.

மூன்றாவது மணி நேரத்தில் எங்கள் நாக்குக்கு எதுவுமே தெரியவில்லை, எல்லாம் ஒரே மின்சாரம். அப்போது சாமி தன் சட்டியிலிருந்து கொஞ்சம் கீரையும் தாமரைக் கிழங்கும் எடுத்துப் பொடி எண்ணெயில் புரட்டி எங்கள் கிண்ணங்களில் வைத்தான். உப்பு, பெருங்காயம், கீரை. அவ்வளவுதான். திருப்பூர் கண்ணை மூடிக்கொண்டான். அக்கா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் பாட்டிலைக் கையில் எடுத்து மோந்து பார்த்தார், பெருங்காயத்துக்கு மொழிபெயர்ப்புக் கருவி சொன்ன பெயர் என்னவோ, விழுந்து விழுந்து சிரித்தார். பாட்டில் தாத்தாக்கள் மேசைக்குப் போனது. திரும்பி வந்தபோது கால்வாசிதான் இருந்தது, அதை அக்காவே எடுத்துக்கொள்ளட்டும் என்று சாமி பாட்டிலோடு கொடுத்துவிட்டான்.

கடைசியில் வெல்லப் பாகு ஊற்றிய ஐஸ் ஜெல்லி, ஆளுக்கு இரண்டு கிண்ணம். ஐந்து பேருக்கு 412 யுவான், நம் பணத்தில் சுமார் ஐயாயிரம். எங்களைக் கொடுக்கவிடவில்லை அக்கா, கவுன்டருக்குப் போகும் சாக்கில் எழுந்து கட்டியிருக்கிறார். நம்மூர்க் கல்யாண வீட்டுச் சண்டை மாதிரி நடைபாதையில் ஒரு தள்ளுமுள்ளு, ஜெயித்தது அவர்தான்.

நான்காம் நாள் – கிளம்பும்போது

வயிறு பற்றிக் கேட்காதீர்கள். நான் ஆறு மணிக்கு எழுந்தேன், எனக்கு முன்னால் திருப்பூர் வரிசையில் நின்றான்.

சட்டையெல்லாம் சட்டி வாசனை. லிஃப்ட்டில் ஏறிய ஒரு அம்மா எங்களை மோந்து பார்த்துச் சிரித்து, "ஹோகுவோ" என்றார். ஹாட்பாட்டுக்கு அவர்கள் சொல்வது அதுதான், நெருப்புச் சட்டி. தூத்துக்குடி அந்தக் கொழுப்புக் கட்டி ஒன்றை ஊருக்கு வாங்கிப்போக வேண்டும் என்றான். எவன் பெட்டியில் என்று ஒரு வாக்குவாதம், கடைசியில் வாங்கவில்லை.

ஒன்பதரைக்கு அக்கா ஓட்டல் வாசலுக்கே வந்துவிட்டார், ஸ்கூட்டரில், வேலைக்குப் போகும் வழியில். பையிலிருந்து சாமியின் ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். நன்றாகக் கழுவி, காயவைத்து, கழுத்துவரை பச்சை ஹுவாஜியாவ் நிரப்பியிருந்தார். ஜியாங்ஜின் சரக்காம், இந்த நகராட்சியிலேயே இருக்கும் ஊர், அங்கே விளைவதற்குத்தான் பெயர். வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்று என் அம்மா சொல்வார், இங்கேயும் யாரோ ஒரு அம்மா சொல்லியிருக்க வேண்டும்.

சாமி மூடியைத் திறந்து ஒன்றே ஒன்றை எடுத்து முன்பல்லில் கடித்தான். நாங்கள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்து விநாடி ஒன்றுமில்லை. பிறகு கையால் உதட்டைத் தொட்டுப் பார்த்தான், இருக்கிறதா என்று.

"டேய்," என்றான், "நெஜமாவே கரண்ட்டுடா."